இன்னும் இரண்டு அடி

புளியம்பாடியிலிருந்து மேல்கானலுக்கு ஏறுகிற மலைப்பாதையில், பத்தொன்பதாவது கொண்டை ஊசி வளைவில், ஒரு பெண்ணின் குரல் எட்டு மாதமும் இருபத்து மூன்று நாளும் நின்றுகொண்டிருந்தது. குரல் நிற்குமா என்று கேட்பவர்கள் உண்டு. மற்ற குரல்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாது, இது நின்றது. வளைவின் உள்பக்கம், கருங்கல் சுவருக்குக் கொஞ்சம் முன்னால், தரையிலிருந்து நாலே முக்கால் அடி உயரத்தில், அதாவது அதற்குரியவளின் வாய் இருந்த உயரத்தில் நின்றது. வண்டிகள் முன்னால் போகும்போது அது வாய் திறக்காது. ரிவர்ஸ் கியர் விழுந்தால் மட்டும், வெயிலானாலும் சாரலானாலும், ஓட்டுகிறவர் யாரானாலும், "என்னாங்க, வர்லாம், வர்லாங்க, இன்னும் வர்லாம்" என்று சொல்லும்.

வளைவுகள் மொத்தம் இருபத்தேழு என்று அடிவாரத்துப் பலகை சொல்கிறது. பஸ் கண்டக்டர்கள் இருபத்தாறு என்பார்கள். பன்னிரண்டாவது வளைவு வளைவே இல்லை, சாலை சோம்பல் முறித்த இடம் என்பது அவர்கள் கட்சி. நாங்கள் பலகையின் கட்சி. பத்தொன்பதாவது வளைவுக்கு மேலே பதினோரு வீடுகளில் இருக்கிறோம், எண் மாறினால் எங்கள் முகவரி மாறிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு யானைகளை முன்னிட்டுக் கீழேயும் மேலேயும் வனத்துறை கேட்டைச் சாத்திவிடுவார்கள். இடையில் மாட்டிக்கொண்ட வண்டிகள் எங்காவது ஒதுங்கி விடியும்வரை கிடக்க வேண்டியதுதான். ஒதுங்குவதற்கு இருபத்தேழு வளைவிலும் எங்கள் வளைவில்தான் இடம் உண்டு. ஒரு லாரி, ஒரு வேன், ஒரு சண்டை, இவ்வளவும் கொள்ளும். அங்கே அன்னக்கொடியின் டீக்கடையும் இருக்கிறது என்பதால் சண்டைகள் பெரும்பாலும் டீயில் முடிந்துவிடும்.

அப்படி ஒதுங்க வந்தவர்கள்தான் தணிகாசலமும் குமுதவல்லியும். அரக்கோணத்துக்காரர்கள். தணிகாசலம் முப்பத்து மூன்று வருடம் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். கடைசிப் பெட்டியில் நின்று, கடந்துபோன ஊர்களையே பார்த்துக்கொண்டு, முன்னால் என்ன வருகிறது என்ற கவலையை என்ஜின்காரரிடம் விட்டுவிட்டுக் காலம் கழித்தவர். ஓய்வு பெற்ற மாதமே குமுதவல்லி சொல்லிவிட்டாள்: "இத்தனி வருஷம் நீங்க பின்னால நின்னீங்க. இனிமே முன்னால குந்துங்க, பின்னால நான் நிக்கிறேன்." ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் அடித்து, அடுப்பும் சின்னத் தொட்டியும் வைத்து, கூரையில் தண்ணீர் டேங்கை ஏற்றிக் கிளம்பினார்கள். பள்ளியின் பெயரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள், ஆனாலும் எழுத்து இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் அடர்ந்த மஞ்சளாக இருந்ததால் பெயரை முன்பைவிடத் தெளிவாகப் படிக்க முடிந்தது.

மூன்று வருடத்தில் இருநூற்றுப் பதினொரு இரவுகளை அந்த வேனில் கழித்திருந்தார்கள். பெட்ரோல் பங்கின் பின்பக்கம், தேர்முட்டி, மூடிக்கிடக்கும் கல்யாண மண்டப வாசல், நெல் காயப்போடும் களம், ஒருமுறை தெரியாமல் சுடுகாட்டு மதிலோரம். இடம் கேட்பது குமுதவல்லியின் வேலை. "ஒரு ராத்திரிதாங்க" என்று அவள் கேட்கிற விதத்தில், இல்லை என்று சொல்ல வாய் திறந்தவர்கள் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு முடிப்பார்கள். இடம் கிடைத்ததும் அவள் இறங்கி வேனுக்குப் பின்னால் போய் நிற்பாள். வர்லாம், வர்லாம் என்று கூப்பிடுவாள். சரியான இடம் வந்ததும் "போதும்" என்பாள், உள்ளங்கையால் பின்கதவை இரண்டு தட்டுத் தட்டுவாள். பிறகு உள்ளே ஏறி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அடுப்புப் பலகையில் வைப்பாள். எந்தப் பக்கமும் வழியாமல் தண்ணீர் விளிம்போடு விளிம்பாக நின்றால் வேன் சமமாக நிற்கிறது என்று அர்த்தம். அப்புறம்தான் அரிசி களைவாள். வழிந்தால் மறுபடி இறங்குவாள். இருநூற்றுப் பதினொரு இரவும் இதில் மாற்றமில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாவது இடம் எங்கள் வளைவு. ஐப்பசி மாதம், மாலை ஐந்தரை, சாரல். அதற்கு முந்தின வாரம்தான் தணிகாசலம் வேனின் பின்பக்கம் ஒரு கேமரா பொருத்தியிருந்தார். ரிவர்ஸ் போட்டால் பின்பக்கம் முன்னாலிருக்கும் திரையில் தெரியும், ஏதாவது நெருங்கினால் கீ கீ என்று கத்தும், ரொம்ப நெருங்கினால் விடாமல் கத்தும். மழையில் அவள் இறங்க வேண்டியதில்லை என்றுதான் அதை வாங்கினார். இதை அவருக்குச் சாதகமாக இப்போதே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அந்த மாலையைப் பொறுத்தவரை அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேறொன்றும் இல்லை.

"நீ எறங்காத குமுதா. அதான் கேமரா இருக்குதுல்ல."

"மழையில அதுக்குக் கண்ணு தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே அவள் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வேன் பின்னால் வந்தது. "என்னாங்க, வர்லாம். வர்லாம். ரைட்ல ஒடிங்க. ம், நேரா. இன்னும் வர்லாம்." அவர் சாரலுக்காகக் கண்ணாடியை ஏற்றியிருந்தார். சுவரிலிருந்து தொங்கிய ஒரு பெரணிக் கொத்தைக் கேமரா சுவர் என்றே முடிவு செய்து விடாமல் கத்தியது. அவர் பிரேக்கை மிதித்து என்ஜினை அணைத்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் ரெண்டடி இருக்குது."

"கேமரா போதும்னு சொல்லிடுச்சு."

"அப்ப அதையே சோறாக்கச் சொல்லுங்க."

கடையில் இருந்த அன்னக்கொடி இதைக் கேட்டுச் சிரித்தாள். குமுதவல்லி தன் பிளாஸ்க்கைக் கொண்டுவந்து டீக்குக் கொடுத்துவிட்டு, "காலையில வாங்கிக்கிறேம்மா, இந்த மனுஷனுக்கு இப்ப டீ ஒண்ணுதான் கேடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பின்கதவில் இரண்டு தட்டு மட்டும் அன்று விழவில்லை. அது யாருக்கும் உறைக்கவுமில்லை.

காலை ஏழு மணிக்கு அன்னக்கொடி பிளாஸ்க்கோடு போனபோது தணிகாசலம் வேனின் படியில் உட்கார்ந்திருந்தார். "கொஞ்சம் வந்து பாரும்மா," என்றார், "எழுந்திரிக்க மாட்டேங்குறா." முதல் பஸ்ஸை ஓட்டிவந்த ஜெயசீலன் பஸ்ஸை அப்படியே நிறுத்தினான். நான்கு பெண்கள் இறங்கி உள்ளே போய், ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்து, மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தணிகாசலத்தின் கைகள் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் நிலையில் இல்லாததால், காய்கறி வண்டி ஓட்டுகிற சிக்கந்தர் தன் வண்டியை எங்கள் பொறுப்பில் விட்டுவிட்டு அந்த வேனை ஓட்டிக்கொண்டு கீழே போனான். பிளாஸ்க் கடையிலேயே தங்கிவிட்டது.

ஒன்பதாம் நாள், எதிரே பஸ் வந்ததால் வழிவிடுவதற்காக அதே சிக்கந்தர் வளைவில் வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். "என்னாங்க, வர்லாம்" என்று குரல் சொன்னது. "சரிங்கம்மா" என்றான். வண்டியை நிறுத்திவிட்டு நன்றி சொல்ல இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தான், ஆள் இல்லை. கடைக்கு வந்து உட்கார்ந்தான்.

"யாருக்கா அது, பின்னால நிக்கிறது?"

"அரக்கோணத்து அம்மா."

"அதான் பாத்தேன். நல்லாச் சொல்றாங்க," என்றவன், சர்க்கரை கம்மியாக ஒரு டீ கேட்டான்.

அவ்வளவுதான். பெரிய பேச்செல்லாம் எழவில்லை. ஏற்கனவே மலையில் மேகம் வீட்டுக்குள் வந்து கட்டிலில் படுக்கிறது, யானை வந்து கதவைத் தட்டாமல் போகிறது, ஒரு குரலுக்கு மட்டும் இடமில்லாமலா போய்விடும். சங்கடம் வேறு திசையிலிருந்து வந்தது. அவள் கணவனைக் கூப்பிட்ட மாதிரியேதான் எல்லோரையும் கூப்பிட்டாள். முரட்டு மீசை வைத்த லாரி டிரைவர்கள், சிமெண்ட் லாரிக்காரர்கள், வனத்துறை ஜீப் என்று வித்தியாசம் பாராமல் அத்தனை பேரும் நாளைக்கு நாலு தடவை "என்னாங்க" என்று அழைக்கப்பட்டார்கள். கல்யாணமாகாத இரண்டு பேர் அந்த வளைவுக்கு வரும்போது தலை வாரிக்கொண்டார்கள். ஜெயசீலனின் மனைவி ஒருநாள் பஸ்ஸில் வந்தவள், ரிவர்ஸ் எடுக்கும்போது காதில் விழுந்ததைக் கேட்டுவிட்டு, "எத்தனை நாளா நடக்குது இது?" என்றாள். அவளை இறக்கிக் கூட்டிப்போய், வெறும் இடத்தைக் காட்டி, அன்னக்கொடி சாட்சி சொன்ன பிறகுதான் சமாதானமானாள். ஆனாலும் அதற்குப்பிறகு அவளும் வீட்டில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு "என்னாங்க" என்று ஆரம்பித்ததாகவும், அது அவனுக்குக் கொஞ்சம் பயமாக இருந்ததாகவும் கேள்வி.

இன்னொரு குறை, குரல் போதும் என்று சொல்லவே சொல்லாது. வர்லாம் என்றுதான் சொல்லும், இன்னும் வர்லாம் என்று சொல்லும், நம்பி வந்தால் சுவரில் கொண்டுபோய் விடும். முதல் இரண்டு வாரத்தில் மூன்று வண்டிகளின் பின்விளக்கு உடைந்தது. அதனால் அந்தப் பொறுப்பை அன்னக்கொடி எடுத்துக்கொண்டாள். பாலைக் கிண்டிக்கொண்டே ஒரு கண்ணை வளைவில் வைத்திருப்பாள், சரியான நேரத்தில் கரண்டியைத் தூக்கி "போதும்" என்று கத்துவாள். அந்தக் குரல் கூப்பிட, இந்தக் குரல் நிறுத்த, இரண்டு பெண்கள் சேர்ந்து நடத்துகிற வாகன நிறுத்தம் என்று மலை முழுக்க எங்கள் வளைவுக்குப் பெயர் வந்தது.

மேல்கானல் பள்ளியிலிருந்து இயற்பியல் ஆசிரியர் வந்தார். எதிரொலிக்குப் பதினேழு மீட்டர் தூரம் வேண்டும், இங்கே சுவர் மூன்று மீட்டரில் இருக்கிறது, ஒரு நொடியில் தீர வேண்டிய ஒலி மாதக்கணக்கில் இருப்பதற்கு வழியில்லை என்று கரும்பலகை இல்லாத குறையைக் கையாலேயே காற்றில் எழுதி நிறைவு செய்தார். பிறகு தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்து பார்த்தார். ஸ்கூட்டருக்கு ரிவர்ஸ் இல்லை என்பதால் குரல் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அவர் மனம் ஒடிந்ததைப் பார்த்த சிக்கந்தர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு தடவை பின்னால் வந்து காட்டினான். ஆசிரியர் கைபேசியில் பதிவு செய்தார். பதிவில் என்ஜின் சத்தமும் அன்னக்கொடியின் போதும் மட்டும்தான் இருந்தன. கீழே இருந்து ஒரு பூசாரி வந்து மஞ்சள் துணி சுற்றிய ஒரு கல்லை நடலாமா என்று கேட்டார். "அந்தம்மா கூப்புடுறது வண்டிய," என்றாள் அன்னக்கொடி, "உங்கள இல்ல." ஆனால் மேல்கானலில் புது வண்டி வாங்குகிறவர்கள், சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்த கையோடு இங்கே வந்து ஒருமுறை பின்னால் வந்துவிட்டுப் போகிற பழக்கத்தை யாராலும் தடுக்க முடியவில்லை. வனத்துறை கேட்டில் ஒரு பதிவேடு உண்டு, வளைவுகளில் இரவு தங்குபவர்கள் எத்தனை பேர் என்று எழுத. காவலர் நேர்மையானவர். தினமும் எங்கள் வளைவுக்கு நேரே வண்டிக்காரர்களின் எண்ணிக்கையை எழுதிவிட்டு, பக்கத்தில் "மேலும் ஒருவர், நிற்கிறார்" என்று எழுதினார். மேலதிகாரி அதில் கையெழுத்துப் போட்டார்.

இதைத் தணிகாசலத்திடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஒரே சச்சரவு. பாதிப்பேர் சொல்லக் கூடாது என்றார்கள், ஆறுகிற புண்ணைக் கிளறுவானேன் என்று. மீதிப்பேர், அவர் பெண்டாட்டியின் குரலை ஊரில் போகிற வருகிற லாரிக்காரனெல்லாம் கேட்கிறான், அவர் கேட்கக் கூடாதா என்றார்கள். பிளாஸ்க்கைக் கொடுக்கும்போது குமுதவல்லி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்த கைபேசி எண் அன்னக்கொடியிடம் இருந்தது. முதல் முறை கூப்பிட்டு, "உங்க பிளாஸ்க் இங்கருக்குண்ணே" என்றாள். "வெச்சிக்கம்மா" என்றார். இரண்டாவது முறையும் பிளாஸ்க்கைப் பற்றியே பேசினாள். மூன்றாவது முறை பேசிக்கொண்டிருக்கும்போதே சிக்கந்தர் பின்னால் வந்துவிட்டான், அவள் போனைக் காதில் வைத்தபடியே கரண்டியைத் தூக்கி "போதும்" என்றாள்.

"யாருக்கும்மா போதும்னு சொல்ற?"

அன்னக்கொடிக்குப் பொய் அவ்வளவாக வராது. "சிக்கந்தருக்குண்ணே. பின்னால நிக்கிற உங்க வீட்டம்மாவுக்குப் பதிலா."

அவர் கேட்டார்: "அவ சொல்லலியா?"

"இல்லண்ணே. வர்லாம்னுதான் சொல்லுது."

மூன்றாம் நாள், ஆனி கடைசியில், அதுவரை மூடியிருந்த தார்ப்பாயின் மடிப்புக் கோடுகள் கூரையில் இன்னும் அழியாத அந்த மஞ்சள் வேன் பதினெட்டு வளைவுகளையும் ஏறி வந்து நின்றது. அவர் இறங்கக்கூட இல்லை. ரிவர்ஸ் போட்டார்.

"என்னாங்க, வர்லாம்."

முதன்முறையாக அந்த அழைப்பு உரியவரிடம் போய்ச் சேர்ந்தது என்பதால் வளைவில் இருந்த நாங்கள் எல்லோரும், ஏதோ ஒரு வீட்டின் கதவு திறந்திருக்கும்போது கடந்துபோகிறவர்கள் மாதிரி, வேறு பக்கம் பார்த்தோம். அவர் பாதியிலேயே பிரேக்கை மிதித்தார். ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு வேனை முன்னால் எடுத்துச் சாலைக்குக் கொண்டுவந்து, மறுபடி ரிவர்ஸ் போட்டார்.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. ஓர் இரவுக்குத்தான் அனுமதிச் சீட்டு, காவலர் தினமும் மேலே வந்து புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தினமும் மாலை ஐந்தரைக்கு அவர் வேனை முன்னால் எடுப்பார், பின்னால் வருவார், வர்லாம் வர்லாம் என்று அவள் கூப்பிடக் கூப்பிட வருவார், முடிவுக்கு இரண்டடி இருக்கும்போது நிறுத்திவிடுவார். சில நாள் மூன்று தடவை, சில நாள் பத்துத் தடவை. நிறுத்திய பிறகு கண்ணாடியை இறக்கி, "இன்னிக்கு எப்படி இருக்க?" என்று கேட்பார், வண்டி நின்றுவிட்டதால் பதில் இருக்காது. சமையல் கிடையாது, அன்னக்கொடி கொடுப்பதைச் சாப்பிடுவார். இரவில் கட்டிலில் படுப்பதில்லை, டிரைவர் சீட்டிலேயே சாய்ந்துகொள்வார்.

ஆடிச் சாரல் வலுத்தது. பத்தாம் நாள்போல நாங்கள் அதைக் கவனித்தோம், கவனித்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இருபதாம் நாள் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குரல் கரகரத்திருந்தது. வர்லாம் என்பதில் முதல் பாதி வரவில்லை, "லாம், லாம்" என்றுதான் வந்தது. ஜெயசீலன் பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்காமலே சமாளிக்க ஆரம்பித்தான். புது வண்டிக்காரர்களைச் சிக்கந்தர் இருபதாவது வளைவிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினான். குரலை மிச்சம் பிடிக்க எங்களால் ஆனது அவ்வளவு.

இருபத்து மூன்றாம் நாள் மதியம் அன்னக்கொடி அடுப்பை அணைத்துவிட்டு வேனுக்குப் போனாள். அவள் பகலில் அடுப்பை அணைத்து நாங்கள் பார்த்ததில்லை.

"அண்ணே, அந்தம்மாவுக்குத் தொண்டை கட்டிருச்சு."

"தெரியுதும்மா."

"எட்டு மாசத்துக்கு மேல ஆச்சு, மழையில நிக்குது. நீங்க கூரைக்குக் கீழ உக்காந்திருக்கீங்க."

அவர் கேமராத் திரையைக் கையால் துடைத்தார்.

"அந்த ரெண்டடியும் வந்துருங்கண்ணே. அது போதும்னு சொல்லிட்டு உள்ள போவட்டும்."

"சொல்லிட்டா அதோட போயிடுவா. உனக்குச் சொல்றது சுலபம்."

"எனக்குச் சுலபமா? இம்புட்டு நாளா அதுக்குப் பதிலா போதும் போதும்னு கத்துறது யாரு? ஒரு நாளாச்சும் கேட்டுச்சா அது? நான் சொன்னா ஆவாதுண்ணே. அது வாயால சொல்லணும், நீங்க கேக்கணும்."

அப்போதுதான் அவர் அந்த மாலையின் மீதியைச் சொன்னார். என்ஜினை அணைத்த பிறகு குமுதவல்லி உள்ளே வந்தாள், டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தாள், தண்ணீர் பின்பக்கமாக வழிந்தது. மழைநீர் ஓடி ஓடி விழுந்த ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கியிருந்தது. இரண்டடி பின்னால் வந்திருந்தால் சக்கரம் ஏறிப் பாறையில் நின்றிருக்கும். கட்டிலில் அவர்கள் பின்பக்கம்தான் தலை வைப்பார்கள். "தலமாடு எறங்குதுங்க, கொஞ்சம் எடுங்களேன்" என்றாள். "ஒரு ராத்திரிதானே" என்றார். கோபத்தில் போய் டிரைவர் சீட்டில் படுத்துக்கொண்டார், அங்கே சரிவு தெரியவில்லை.

"அதனாலயா செத்தாங்க? டாக்டர் என்ன சொன்னாரு?"

"இதயம்னாரு. எங்க படுத்திருந்தாலும் அதான் நடந்திருக்கும்னாரு. சரிவுக்கும் அதுக்கும் சம்மந்தம் இல்லியாம்." அவர் கையைத் துடைத்துக்கொண்டார், கையில் எதுவும் இல்லை. "எனக்கும் அது தெரியுதும்மா. ஆனா கடைசி ராத்திரி அவ தலை கீழா எறங்கிப் படுத்திருந்தா. நான் ஒரு ராத்திரிதானேன்னேன்."

அன்னக்கொடி அவர் கையைப் பிடிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "அஞ்சரைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஐந்தரைக்கு எல்லோரும் இருந்தோம். ஜெயசீலன் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டான், பயணிகள் ஏன் என்று கேட்கவில்லை. சிக்கந்தர், "வேணும்னா நான் பின்னால நிக்கட்டுமாண்ணே?" என்றான். "ஆள் இருக்குதுப்பா" என்றார். கேமராத் திரைக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கினார். எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கினார். சாரல் உள்ளே அடித்து அவர் தோளை நனைத்தது. சுவரில் அந்தப் பெரணிக் கொத்து அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, அன்னக்கொடி அறுக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

வேன் முன்னால் போய்ச் சாலையில் நின்றது, பின்னால் வரத் தொடங்கியது, "என்னாங்க" என்றது குரல், "லாம்" என்றது, வேன் வந்தது, "ரைட்ல ஒடிங்க" என்றது, அவர் ஒடித்தார், "நேரா" என்றது, நேராக வந்தார், "லாம், லாம்" என்று கட்டிய தொண்டையோடு அது கூப்பிட, முப்பத்து மூன்று வருடம் பின்னால் நின்று கொடி காட்டியவர் ஒரு கூப்பிடலுக்கு ஒரு விரல் அளவு என்று வந்துகொண்டிருந்தார், பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, வழக்கமாக நிறுத்துகிற இடம் வந்தது, பிரேக்கின் மேல் அவர் கால் போனதை நாங்கள் பார்த்தோம், "இன்னும் ரெண்டடி இருக்குது" என்று குரல் சொன்னது, அதை அது இத்தனை மாதத்தில் வேறு யாரிடமும் சொன்னதில்லை, அவர் காலை எடுத்தார், சக்கரம் பள்ளத்திலிருந்து ஏறியது, பெரணி பின்கதவில் உரசியது, ஒரு அடி, முக்கால் அடி, அரை அடி, நாலு விரல்.

"போதும்."

கரகரப்பெல்லாம் இல்லை. உள்ளே உலை வைக்க வேண்டிய வேலை இருக்கிற ஒருத்தி சொல்கிற மாதிரிச் சாதாரணமாகத்தான் இருந்தது. பின்கதவில் தட்டு விழுந்தது. மூன்று என்று பஸ்ஸில் இருந்த சிலர் இன்றும் சாதிக்கிறார்கள். இரண்டுதான்.

அவர் என்ஜினை அணைத்தார். சாரலின் சத்தம் அதுவரை இருந்ததா என்று தெரியவில்லை, அப்போதிலிருந்து அது மட்டும்தான் இருந்தது. அன்னக்கொடி குமுதவல்லியின் பிளாஸ்க்கில் டீயோடு உள்ளே போனபோது அவர் அடுப்புப் பலகைக்கு முன்னால் நின்று டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விளிம்புவரை ஊற்றினார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் எந்தப் பக்கமும் போகவில்லை.

"பார், சமமா இருக்குது," என்றார். அது அன்னக்கொடியிடம் சொன்னதில்லை என்பதால் அவள் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டாள். வரும்போது அவர் கட்டிலில் குமுதவல்லி படுக்கிற பக்கத்தில், பின்புறம் தலைவைத்துப் படுப்பதைக் கண்டாள்.

காலையில் அவர் மேலே கிளம்பிப் போனார். குமுதவல்லி பார்க்காத எட்டு வளைவுகள் அங்கே இருந்தன. அதற்குப் பிறகு எங்கள் வளைவில் யாராவது பின்னால் வந்தால் என்ஜின் சத்தம் மட்டும்தான். ஆனாலும் நிறுத்தியதும் "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள், இதைக் கேட்டுப் பழகாத வெளியூர் லாரிக்காரர்களும் இரண்டாவது தடவையிலிருந்து சொல்கிறார்கள். பதிவேட்டில் காவலர் அன்றைய தேதிக்கு நேரே "நின்றவர் உள்ளே போனார்" என்று எழுதினார். மேலதிகாரி அதிலும் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாள் கழித்து ஜெயசீலன் ஒரு செய்தி கொண்டுவந்தான். மேல்கானலில் சந்தை கூடும் மைதானத்தில் சாயங்காலம் அவரைப் பார்த்திருக்கிறான். இடம் கேட்கும்போது வாயால் கேட்கவில்லையாம், கையைத்தான் காட்டினாராம். வேனை ஒரு அடி பின்னால் எடுத்தார், இறங்கினார், பின்னால் நடந்துபோய்ப் பார்த்தார், திரும்பி வந்து ஏறினார், ஒரு அடி எடுத்தார், இறங்கினார். "நான் நிக்கட்டுமாண்ணே?" என்று இவன் கேட்டதற்கு, "வேணாம்பா, பழகிக்கணும்" என்றாராம். பதினோரு தடவை இறங்கி ஏறினார். கடைசியில் பின்னால் போய் நின்று, உள்ளங்கையால் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

"தண்ணி சமமா இருந்துச்சா?" என்று அன்னக்கொடி கேட்டாள்.

"அத நான் பாக்கலயேக்கா."

"அதப் பாக்காம வேற என்னத்தப் பாத்துட்டு வந்த?" என்று சொல்லி, அவனுக்கு வைத்த டீயை எடுத்து அவளே குடித்தாள்.

ஆகவே எங்களுக்கு இன்னும் தெரியாது. பழைய பள்ளிக்கூடத்தின் பெயர் தெளிவாகத் தெரிகிற மஞ்சள் வேன் ஒன்று உங்கள் ஊருக்கு வந்து, வயதானவர் ஒருவர் இறங்கிக் கையைக் காட்டினால், இடம் கொடுங்கள், டம்ளரில் தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்து எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். ஒரு ராத்திரிதானே என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.